கடைசிக் கிண்ணப் பரணி

வாழ்க முனைவர் லியோனல் ஆல்ட்விங்கிள்! இலத்தீன் இலக்கணக் கடலைக் குடித்தும் தாகம் தீராதவரும், ஓர் அரைப்புள்ளிக்காக ஆருயிர் நண்பரைப் பகைத்துக்கொண்டவரும், புனித எக்வின் கல்லூரியின் ஆசிரியர் மேடையில் கடைக்கோடி நாற்காலியைக் கட்டிக் காத்தவருமான அம்மாவீரரின் போர்க்கதையைப் பாடப் புகுந்தோம். அவருடைய மூக்குக்கண்ணாடியே நமக்கு முன்னின்று காக்க.

கொள்ளைநோய்க்கு அஞ்சிய பிஷப் ஒருவர் பாவம் தீரக் கட்டிய கல்லூரி அது. மன்னர்கள் தலையிழந்த காலத்திலும் அங்கே இரவுச் சாப்பாடு நேரம் தவறியதில்லை. சாப்பாடு முடிந்ததும் போர்ட் ஒயின் குடுவை எழுந்தருளும். இடக்கைப் பக்கமாகவே கைமாறிக் கைமாறி, கோயிலைச் சுற்றும் பக்தனைப் போல மேசையை வலம் வரும். பின்னோக்கித் திரும்பாது. எட்டி எடுப்பது இழிவு, கேட்பது அதைவிட இழிவு. யாரிடமாவது குடுவை தேங்கி நின்றால், அவரிடம் "நெதர் பிட்ஃபோர்ட் பாதிரியாரைத் தெரியுமா?" என்று மட்டும் விசாரிக்கலாம். முன்னொரு காலத்தில் குடுவையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்ட பாதிரியாரின் நினைவாக வந்த வழக்கு அது. கேட்டவுடன் குற்றவாளி வெட்கி நகர்த்திவிடுவார்.

அன்று வந்ததோ, ஆல்ட்விங்கிள் பணியில் சேர்ந்த ஆண்டில் நிலவறையில் அடுக்கிய ஒயினின் கடைசிப் புட்டி. அவர் இருக்கைக்கு வரும்போதெல்லாம் குடுவை வறண்டுவிடுவதே வழக்கமாதலால், தம் பணிக்கு வயதொத்த அந்த ஒயினை அவர் ஒரு முறைகூடச் சுவைத்ததில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத வாழ்க்கை. இன்றோ குடுவையில் ஒரு கிண்ணம் மிஞ்சியிருந்தது. அவருக்கு வலப்புறம் வரைக்கும் வந்தும்விட்டது.

வலப்புறத்திலோ விருந்தினர் த்ரப் அமர்ந்திருந்தார், ஓய்வுபெற்ற கிழப் பாதிரியார். தம் கிண்ணத்தைக் குடித்து முடித்துக் குடுவையின் கழுத்தைப் பற்றியபடியே உறங்கிப்போனார். குறட்டை முரசென முழங்கிற்று. ஆல்ட்விங்கிள் இருமற்கணை தொடுத்தார், பயனில்லை. வாதுமைக்கொட்டைகளை இடியென உடைத்தார், அதற்கும் அசையவில்லை. மேசைக்கடியில் காலால் ஒரு மறைமுகத் தாக்குதல் நடத்த, எதிர்ப்புறம் அமர்ந்திருந்த கணிதப் பேராசிரியர் முறைத்தார். கல்லூரித் தலைவர் எழுந்துவிட்டால் விருந்து முடிந்துபோகும். அவரோ ஏற்கெனவே துடைப்புத் துணியை மடிக்கத் தொடங்கியிருந்தார். நம் வீரருக்கு இனி நொடிப்பொழுதே மிச்சம். ஆதலால், முன்னோரை மனத்தில் வணங்கி, பிரம்மாஸ்திரத்தைக் கிழவரின் காதருகே ஏவினார்.

"ஐயா, நெதர் பிட்ஃபோர்ட் பாதிரியாரைத் தெரியுமா உங்களுக்கு?"

த்ரப் கண்விழித்தார். விழித்த கண்கள் கலங்கின.

"தெரியுமாவா? நான்தான் தம்பி அது. ஆயுசு பூரா அங்கதான் இருந்தேன். வேலைய விட்டு வந்ததுலேர்ந்து அந்த ஊர் பேர ஒருத்தர்கூட எங்கிட்ட கேட்டதில்ல. நீங்கதான் கேட்டிருக்கீங்க."

கணிதப் பேராசிரியர் சிரிப்பை அடக்கத் தாடியைக் கடித்தார். த்ரப் மணிக்கூண்டில் குடியிருந்த வௌவால்களைச் சொன்னார். சுருதி சேராத பாடகர் குழுவைச் சொன்னார். அங்கேயே புதைத்துவிட்டு வந்த மனைவியைச் சொன்னார். சொல்லச் சொல்லத் தொண்டை வறள, கடைசிக் கிண்ணத்தைத் தமக்கே ஊற்றிக்கொண்டார்.

"எங்க ஊருக்காக, தம்பி," என்று அதை உயர்த்தினார்.

கேட்டால் இழிவு, மறுத்தால் பாவம். சினமும் இரக்கமும் ஆல்ட்விங்கிளின் மார்புக்குள் யானைகளெனப் பொருதன, இரக்கமே வென்றது. வெறுங் கிண்ணத்தை விண்ணளாவ உயர்த்தி, "உங்க ஊருக்காக, ஐயா. அந்த வௌவால் கதைய முழுசாச் சொல்லுங்க" என்றார் கொடைவள்ளல். த்ரப் சொன்னார். தலைவர் எழுந்தார். சொட்டில்லாத குடுவை, மரபு வழுவாமல், இடக்கைப் பக்கமாக நம் வீரரின் முன் வந்து நின்றது.

ஆல்ட்விங்கிள் அறைக்குப் போய் டீ போட்டார், பால் திரிந்திருந்தது.