மெஷினைத் திருப்பித் தர முடியாது, மச்சான்

முப்பது வருடம் தீயணைப்புத் துறையில் தண்ணீர் பீய்ச்சி ஓய்வு பெற்றவரும், என் மனைவிக்கு மூத்தவரும், எனக்குப் புல்வெட்டி மெஷினை இரவல் கொடுத்தவருமான மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் நலம். கார்தான் நலமில்லை, நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு வாசலில் காற்றாட நிறுத்தியிருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பையும் கையுமாக இரண்டு கிலோமீட்டர் நடந்ததில் வீங்கிவிட்டதாக உங்கள் தங்கை சொன்னாள். சீக்கிரம் வற்றட்டும்.

நேற்று நீங்கள் போனில் சொன்னதற்கு என் பதில்: முடியாது. "மெஷினைத் துடைச்சு சின்னவ வீட்டுக்கு அனுப்பிடுங்க மாப்பிள்ளை, அவர் பொறுப்பா வெச்சுப்பார்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள்! சின்னவளின் கணவர், என் சகலை, கால்மிதியைக்கூட ஸ்கேல் வைத்து நேராகப் போடுகிறவர் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர் வீட்டில் புல்லே கிடையாதே! வாசல் முதல் பின்சுவர் வரை தளம் போட்டு வைத்திருக்கிறார். எதை வெட்டுவார், சிமெண்டையா?

நிபந்தனை மீறல் என்கிறீர்கள். பெட்ரோலுக்கென்றே செய்த கேனில்தான் பெட்ரோல் வைக்க வேண்டும் என்று மெஷினைக் கொடுக்கும்போதே சொன்னீர்கள், வாஸ்தவம். நான் சமையல் எண்ணெய் கேனில் வைத்தேன், அதுவும் வாஸ்தவம். ஐந்து லிட்டர் பிடிக்கும், கைப்பிடி உண்டு, மூடி உண்டு, வேறென்ன வேண்டும் என்று கேட்டேன். பங்க்கில் இருந்த பெண் "இதுல ஊத்த மாட்டோம் சார், இளகிடும்" என்று துரத்தியதும், என் ஸ்கூட்டர் டாங்கில் ட்யூப் போட்டு வாயால் உறிஞ்சி எடுத்தேன். இரண்டு நாள் ஏப்பம் விடும்போதெல்லாம் உங்கள் தங்கை அடுப்பை அணைத்தாள். அதையும் அவளேதான் உங்களுக்குப் போட்டுக்கொடுத்திருக்கிறாள். மச்சான், உளவுத்துறை என் சாப்பாட்டு மேஜையிலேயே எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கு வருகிறேன் என்றீர்கள். நான் அந்தக் கேனைக் கார் டிக்கியில் கம்பளி போர்த்திப் படுக்க வைத்தேன். நீங்கள் கொல்லைப்புற அறையைத் திறந்து, மூலைமுடுக்கெல்லாம் மோந்து பார்த்து, "பரவால்ல, திருந்திட்டீங்க மாப்பிள்ளை" என்று முதுகில் தட்டினீர்கள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் உங்கள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அந்தப் பூரிப்பில் என் புத்தி மேயப் போய்விட்டது. "பஸ் ஸ்டாண்டுக்கு நானே கொண்டு வந்து விடறேன்" என்று உங்களை அதே காரில் ஏற்றினேன். இரண்டாவது சிக்னலில் உங்கள் மூக்கு ஆடியது.

"மாப்பிள்ளை, டிக்கில என்ன?"

"ஸ்டெப்னி மச்சான்."

"ஸ்டெப்னி பெட்ரோல் வாடையா அடிக்கும்?"

"பெட்ரோல் காரோட ஸ்டெப்னிதானே?"

திறந்து பார்த்தீர்கள். மூடி கழன்று, கம்பளி குடித்துவிட்டுக் கிடந்தது. பையை எடுத்துக்கொண்டு நடந்தீர்கள். "ஏறுங்க மச்சான், ஏறுங்க மச்சான்" என்று நான் முதல் கியரில் பின்னாலேயே ஊர்ந்தேன். "வண்டிய ஆஃப் பண்ணுங்கய்யா!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில், ஓர் ஆளைப் பட்டப்பகலில் கடத்தப் பார்க்கிறான் என்று கூட்டமே கூடிவிட்டது. அவர்களுக்கு விளக்கிச் சொல்ல நான் பட்ட பாடு தனிக்கதை. எரிகிற கட்டடத்துக்குள் ஓடிய மனிதர், ஒரு கம்பளிக்குப் பயந்து நடந்தீர்களே! இதைச் சகலையிடம் நான் சொன்னேனா? இல்லை. உங்கள் தங்கைதான் சொன்னாள்.

சரி, மறுநாளே போய் முறைப்படி சிவப்பு கேன் வாங்கினேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை, எனக்கே தோன்றியது. ஹார்டுவேர் கடைக்காரர், "புல்வெட்டிக்கா சார்? அஞ்சு லிட்டர் போதும்" என்றார். நீங்களும் அதையேதான் சொல்லியிருந்தீர்கள் என்பதால், "இருபது கொடுங்க" என்றேன். "மெஷின் ஒரு லிட்டர்கூட குடிக்காதே. வெச்சு வெச்சு பெட்ரோல் கெட்டுப்போகும், தூக்கவும் முடியாது" என்றார். "என்னைப் பாத்தா தூக்க முடியாதவன் மாதிரியா இருக்கு?" என்றேன். அவர் என் தொந்தியைப் பார்த்தார். பங்க்கில் அதே பெண், "தரையில வைங்க சார், மேல கொஞ்சம் எடம் விடுங்க, சூட்டுல விரியும்" என்றாள். தரையில் வைத்தேன், இடம் விடவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்ட நான் என்ன சகலையா?

வீட்டில் இறக்கும்போது இடுப்பில் ஏதோ ஒன்று 'களுக்' என்றது. கேனைக் கொல்லையில் அப்படியே போட்டுவிட்டுப் படுத்தேன். எழுந்து வந்து பார்த்தால், வெயிலில் அது கன்னத்தை உப்பிக்கொண்டு என்னை முறைத்தது. ஊற்றலாம் என்றால் அதன் மூக்கில் ஏதோ பாதுகாப்பு ஏற்பாடாம்: அழுத்த வேண்டும், திருக வேண்டும், அழுத்தியபடியே தள்ள வேண்டும். அழுத்தினேன், திருகினேன், கெஞ்சினேன். "நான் வரட்டுமா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டாள் உங்கள் தங்கை. "வேண்டாம்!" என்று கர்ஜித்துவிட்டு, மூக்கையே கழற்றி எறிந்து, இருபது லிட்டரையும் மார்போடு அணைத்துச் சாய்த்தேன். மெஷினுக்குப் போனது ஒரு டம்ளர். என் ஷூவுக்குப் போனது இரண்டு டம்ளர். மிச்சம் புல்லுக்கு. இப்போது அந்த இடத்தில் புல் மஞ்சளாகிப் படுத்துவிட்டது, நடுவில் என் இரண்டு பாதங்களின் அளவுக்கு மட்டும் பச்சை. வெட்டாமலே புல்லை ஒழித்த மனிதனிடமிருந்துதான் மெஷினைப் பிடுங்கப் பார்க்கிறீர்கள்!

ஆகவே கடைசியாகச் சொல்கிறேன். மெஷின் இந்த வீட்டு வாசலைத் தாண்டாது. ஐந்து லிட்டர் கேன் இந்த வீட்டுக்குள் வராது. சகலை வீட்டுப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்க மாட்டேன். உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் முழங்காலுக்கும் முன்கோபத்துக்கும் சேர்த்து நல்ல தைலமாகப் பார்த்துத் தேய்த்துக்கொண்டு நூறாண்டு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
எதற்கும் வளையாத (இடுப்புப் பிடிப்பு)
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும்போதே கொல்லையில் சத்தம். எட்டிப் பார்த்தேன். உங்கள் தங்கை ஐந்து லிட்டர் சிவப்பு கேன் ஒன்று வாங்கி, பெட்ரோலும் நிரப்பி வந்திருக்கிறாள். "எப்படியும் வருவீங்கன்னு அன்னைக்கே தனியா எடுத்து வெச்சுட்டேம்மா" என்றாராம் கடைக்காரர். ஒற்றைக் கட்டைவிரலால் மூக்கைத் திறந்தாள், ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள், கேனைக் கொல்லைப்புற அறையில் வைத்துப் பூட்டினாள், இருபது நிமிடத்தில் மொத்தப் புல்லையும் வெட்டி முடித்துவிட்டாள். "மெஷின் இங்கதான் இருக்கும். ஷூ வாடையும் உங்க வாடையும் போற வரைக்கும் நீங்க சின்னவ வீட்ல போய் இருங்க" என்று என் பெட்டியையும் கட்டிவிட்டாள். சகலைக்குப் போன் செய்தேன். தாராளமாக வரச் சொல்கிறார். ஒரே நிபந்தனை: ஷூவை கேட்டுக்கு வெளியே, அவர் போட்டு வைத்திருக்கும் கோட்டுக்கு நேராக விட வேண்டுமாம். போகிறேன் மச்சான். ஆனால் கோணலாகத்தான் விடுவேன்.