அம்புக்குறி கீறிய பம்பி

உலகத்தில் நடந்த சண்டைகள், முறிந்த கலியாணங்கள், தவறவிட்ட பஸ்கள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், யாரோ ஒருவர் எங்கேயோ அம்புக்குறி போட மறந்ததுதான் என்று மனதார நம்பிய ஒருவனோடு நான் நாலு வருடம் ஒரே அறையில் இருந்தேன். பெற்றோர் வைத்த பெயரை வருகைப் பதிவில் கூப்பிட்டால் அவனே ஒரு கணம் யோசித்துத்தான் கை தூக்குவான். எங்களுக்கு அவன் அம்புக்குறி.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டில் ஏழு பொடியன்கள் வாடகைக்கு இருந்தோம். எல்லோரும் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் இரசாயனப் பொறியியல் படித்தவர்கள். அந்தப் படிப்பில் ஆலை கட்டமாட்டார்கள், கீறுவார்கள். திரவத்தைச் சேர்த்து வைக்கும் தாங்கிக்கு ஒரு பெட்டி, அதைத் தள்ளும் பம்பிக்கு ஒரு வட்டம், வால்வுக்கு மூக்கோடு மூக்கு முட்டிய இரண்டு முக்கோணம், எது எங்கே போகிறது என்று காட்ட அம்புக்குறி. செயன்முறை வரைபடம் என்று அதற்குப் பெயர். நாங்கள் அதைப் பரீட்சைக்குப் படித்தோம். அவன் அதில் குடியிருந்தான்.

காரணம், அவனுக்குக் கதைக்க வராது. நாலு சொல்லுக்கு மேல் போகாது. எதைக் கேட்டாலும், "பொறு, கீறிக் காட்டுறன்" என்பான். கையில் பேனை வந்ததும் வாயும் சேர்ந்து திறந்துகொள்ளும்.

வீட்டில் குளியலறை ஒன்றுதான். காலையில் ஏழு பேரும் அதற்கு அடிபடுவோம். ஒருநாள் எழுந்து பார்த்தால் கதவில் ஒரு வரைபடம். ஆளுக்கொரு கோடு, கோட்டுக்கொரு இலக்கம், யார் எப்போது உள்ளே, எவ்வளவு நேரம் என்று வால்வுகள். என் கோடு மட்டும் வெளியே வந்து, வளைந்து, திரும்ப உள்ளே போனது. நான் துவாயை மறந்துவிட்டுப் போகிறவன்.

வீட்டுக்கார அன்ரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "தம்பியவை, என்ன உது என்ரை கதவிலை?"

"குளிக்கிற ஒழுங்கு அன்ரி."

"அப்ப உதிலை நான் எங்கை?"

மறுநாள் எட்டாவது கோடு வந்துவிட்டது. மற்றக் கோடுகளைவிட மூன்று மடங்கு தடிப்பு. வால்வு ஒன்றும் இல்லை. அன்ரி அதைப் பார்த்துவிட்டு அந்த மாதம் முழுக்க அவனுக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்தார்.

இன்னொரு நாள் பலாலி வீதியில் ஒரு ஐயா தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்கு எப்படிப் போவது என்று இவனிடம் கேட்டுவிட்டார். இவன் பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்தில் கீறிக் கொடுத்தான். ரயில் கடவைக்கு ஒரு வால்வு, வீதி திருத்தம் நடக்கும் இடத்தைச் சுற்றிப்போக ஒரு கிளைக் கோடு, கடைசியில் ஆசுப்பத்திரி ஒரு கொதிகலன் வடிவத்தில். ஐயா அதைக் கொண்டக்ரரிடம் நீட்டினார். கொண்டக்ரர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, உந்த ஈசிஜியோடை நிண்டுகொண்டு வரக்கூடாது. முன்சீற்றிலை இருங்கோ." ஐயாவுக்கு இருக்கை கிடைத்தது. வரைபடம் வேலை செய்கிறது என்று அம்புக்குறி அதை வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

இறுதி வருடம் வடிவமைப்புச் செயற்றிட்டம் வந்தது. மூன்று பேர் ஒரு குழு: நான், அம்புக்குறி, எங்கள் வகுப்பு நிரோஷி. தலைப்பு, பனங்கள்ளைப் புளிக்கவைத்து வினாகிரி தயாரிக்கும் ஆலை. பரீட்சகருக்கு முன்னால் ஆளுக்கு ஐந்து நிமிடம் கதைக்கவேண்டும். கதைக்காதவர் அந்த வருடத்தைத் திரும்பப் படிக்கவேண்டும். முந்திய வருடச் சமர்ப்பிப்பில் அம்புக்குறி "வணக்கம்" என்றுவிட்டு நாலு நிமிடம் ஐம்பது விநாடி நின்றவன். அப்போது எச்சரித்து விட்டார்கள். இந்த முறை விடமாட்டார்கள்.

இந்த வினாகிரி ஆலைக்கு எங்கள் நிறுவனத்தில் ஒரு வழமை உண்டு. சீனியர்மாரின் வரைபடத்தை வாங்கி, மூலைப் பெட்டியில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பது. அவர்களும் தங்கள் சீனியர்மாரிடம் வாங்கியவர்கள்தான். நானும் வாங்கினேன். அம்புக்குறி அரை மணித்தியாலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பம்பி மறுவளம்."

உண்மைதான். போத்தலுக்குப் போகவேண்டிய வினாகிரியை அந்தப் பம்பி திரும்பத் தாங்கிக்கே தள்ளிக்கொண்டிருந்தது. அந்த ஆலையைக் கட்டியிருந்தால் ஒரு துளி வெளியே வந்திராது. அப்படியே எத்தனையோ வருடம் பாஸாகி வந்திருக்கிறது.

நிரோஷி சொன்னாள்: "அண்ணையவை உதுக்கு ஏ தரம் எடுத்தவை. நீ ஏன் உதைப் போய் நோண்டுறாய்?"

அவன் திருத்திப் புதிதாகக் கீறி எனக்கு அனுப்பினான். நான்தான் கோப்பை ஒப்படைக்கவேண்டும். இரண்டையும் திறந்து பார்த்தேன். ஒன்று சரியானது, மற்றது ஏ எடுத்தது. நான் ஏ எடுத்ததை ஒப்படைத்தேன். அவனிடம் சொல்லவில்லை.

பரீட்சை நாளில் திரையில் படம் விழுந்தது. அம்புக்குறி பம்பியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். நானும் நிரோஷியும் கடகடவென்று ஒப்புவித்து முடித்தோம். வெளியிலிருந்து வந்த பரீட்சகர் அவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்கள் சொல்லுங்கோ. உங்கடை ஆலையிலை வினாகிரி எதாலை வெளியிலை வருது?"

அவன் திரையைப் பார்த்தபடி நின்றான். ஒரு நிமிடம் போயிருக்கும். பரீட்சகர் புள்ளித் தாளில் பேனையை வைத்தார்.

"பொறுங்கோ சேர், கீறிக் காட்டுறன்."

மேசையில் கிடந்த தடித்த மாக்கர் பேனையை எடுத்தான். பலகை இல்லை. நேரே போய், தொங்கிய வெள்ளைத் திரையிலேயே, விழுந்திருந்த படத்தின் மேல் பம்பியைத் திருப்பிக் கீறினான். கீறக் கீறக் கதை வந்தது. பம்பி ஏன் அந்தப் பக்கம் பார்க்கவேண்டும், கள் எங்கே புளிக்கிறது, கழிவு எங்கே போகிறது என்று பதினொரு நிமிடம் கதைத்தான். அவன் வாழ்நாளின் மொத்தப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். கடைசியில் போத்தலை நோக்கி முழ நீளத்துக்கு ஓர் அம்புக்குறி.

"பிழை எங்கடை, சேர். இதுதான் சரி."

எங்கடை என்றான். அவன் ஒன்றும் பிழை விடவில்லை.

பரீட்சகர் எங்கள் விரிவுரையாளரிடம் மெல்லக் கேட்டார்: "உந்தப் பம்பி எத்தினை வருசமா உப்பிடி நிக்குது?"

விரிவுரையாளர் அம்புக்குறியின் பக்கம் திரும்பினார். "தம்பி, அது அழியாத மை" என்றார்.

மூவரும் பாஸ். மை போகவில்லை. ஆய்வுகூடத்தில் இருந்த திரவம் எல்லாம் பூசிப் பார்த்தார்கள், பம்பி கொஞ்சம் கொழுத்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு அந்த அறையில் யார் எதைப் போட்டாலும் நடுவில் பம்பி நின்றது. பணிப்பாளரின் வரவேற்புரைப் படத்தில் அவருடைய காதுக்குள்ளிருந்து அம்புக்குறி புறப்பட்டது.

அவன் இப்போது கொழும்புப் பக்கம் ஒரு சவர்க்கார ஆலையில் வேலை. போன் எடுத்தால் "ஓம்" என்பான், மிச்சத்தைக் கீறி அனுப்புவான். நான் அதே நிறுவனத்தில் தற்காலிகப் போதனாசிரியர். போன கிழமை அலுவலக அண்ணை புதுத் திரையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"தம்பி, பழசைக் கழட்டி எறியவோ? படம் போட்டால் அசிங்கமாக் கிடக்கு."

பக்கத்து அறையைக் காட்டினேன்.

"புதுசை அங்கை மாட்டுங்கோ அண்ணை. இந்த அறைக்கு உந்தப் பழசே காணும், வேறை வேண்டாம்."