கௌதாரி தன் குறைகளைச் சொன்ன பகல்

ஒரு காட்டில் எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். அந்தக் காட்டின் கஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

அதற்கு முன்பு அது சாதாரணக் காடுதான். கையில் கிடைத்தவரைத் தின்றார்கள், கிடைக்காதவரைத் திட்டினார்கள். ஒரு மழைக்காலத்தில் பிக்கு ஒருவர் வந்து அங்கிருந்த குகையில் மூன்று மாதம் தங்கினார். கூடி வாழ்கிறவர்களுக்குப் புத்தர் சொன்னதில் இரண்டை மட்டும் எடுத்துச் சொன்னார். அடுத்தவரிடம் பேசும்போது நேரம் பார்த்து, உண்மையை, இனிமையாக, பயன்படும்படி, அன்போடு பேசுங்கள் என்பது ஒன்று. பௌர்ணமிதோறும் கூடி உட்கார்ந்து அவரவர் குறையை அவரவரே வாய்விட்டுச் சொல்லுங்கள் என்பது இன்னொன்று. நல்ல மனிதர். சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விட்டார். விலங்குகள் சும்மா இருந்திருக்கலாம். சங்கம் வைத்துவிட்டன.

சங்கத்தின் செயலாளர் மரநாய் அம்பலவாணர். பிக்கு வாயால் சொன்னதை அவர் படிவமாக்கினார். இன்னொருவரைப் பற்றி யாராவது புகார் சொல்ல வேண்டுமானால் நேரம், உண்மை, இனிமை, பயன், அன்பு என்று ஐந்து மரத்தடியில் வரிசையில் நின்று ஐந்து முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாமல் வாய் திறந்தால் அது கடுஞ்சொல். மூன்று மாதம் ஓடைப்பக்கம் வரக் கூடாது. சங்கம் தொடங்கி இரண்டு வருஷமாகியும் ஒரு புகார்கூட வந்து சேரவில்லை. எங்கள் காட்டில் பகையே கிடையாது என்று அம்பலவாணர் பக்கத்துக் காடுகளில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்டில் சித்தாயி என்று ஒரு கௌதாரி இருந்தாள். புருஷன் போன மாதம் வேடன் வலையில் போய்விட்டான். காரைப் புதரடியில் மண்ணைப் பறித்து ஐந்து முட்டை இட்டு, தனியாக அடைகாத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் உடும்பு மாசிலாமணி வந்தார். அவள் கண்ணெதிரே ஒரு முட்டையை விழுங்கினார். நாக்கைத் துடைத்துக்கொண்டு, "உடம்பைப் பாத்துக்க தங்கச்சி, ரொம்ப இளைச்சுட்டே" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மாசிலாமணி லேசுப்பட்ட ஆள் இல்லை. யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. சங்கம் அவருக்கு ‘இன்சொல் செம்மல்’ என்று பட்டம் கொடுத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தது.

மறுநாள் சித்தாயி டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். உண்மை மரத்தடியில் இருந்த ஆமை, தின்ற முட்டையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னது. அது அவர் வயிற்றில் இருக்கிறது என்றாள். அப்படியானால் வயிற்றுக்காரரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி வா என்றது ஆமை. அவள் திரும்பிப் போனபோது இரண்டாவது முட்டையும் இல்லை. வரிசையில் நிற்பதற்காகக் கூட்டைவிட்டு எப்போது கிளம்புகிறாள் என்பது மாசிலாமணிக்கு அத்துப்படியாகிவிட்டது.

மறுநாள் இனிமை மரத்தடியில் ‘தின்றார்’ என்ற சொல்லை அடித்து ‘ஏற்றுக்கொண்டார்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். திரும்பிப் போனால் மூன்று முட்டையில் ஒன்றை ஏற்றுக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாள் நேரம் பார்க்கும் மரத்தடியில், சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவரைப் பற்றிப் பேசுவது முறையல்ல, பசியோடு இருப்பவரைப் பற்றிப் பேசுவதும் முறையல்ல என்றார்கள். நான்காவது முட்டை அப்படிப் போயிற்று. அதன் பிறகும் நின்றாளே, அவளைச் சொல்ல வேண்டும். பயன் மரத்தடியில் கேட்டார்கள், புகார் கொடுத்தால் போன முட்டை திரும்பி வருமா என்று. அவள் வராது என்றாள். ரொம்பச் சரியாகச் சொன்னாய் என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று மாசிலாமணி பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போயிருந்ததால் ஐந்தாவது முட்டை தப்பியது.

கடைசியாகச் செயலாளரிடமே போய் அழுதாள். அம்பலவாணர் இரக்கப்படக்கூடியவர்தான்.

"அழாதேம்மா. அஞ்சு முத்திரையையும் நானே போடறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. மாசிலாமணி மேல உனக்கு அன்பு இருக்கா?"

"என் நாலு பிள்ளைய முழுங்கினவருங்கய்யா அவரு."

"பாத்தியா. கோவம் இன்னும் போகலை. முதல்ல அவரை மனசார நேசிச்சுட்டு வா. அப்புறம் அவரைப் பத்திப் புகார் குடு."

எனக்கு அந்த மரநாயை நாலு அறை அறைய வேண்டும் போலிருக்கிறது. சித்தாயிக்கு அதற்குக்கூட நேரமில்லை. அன்று சாயங்காலம் மிச்சமிருந்த ஒற்றை முட்டைக்குள்ளிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. உள்ளே குஞ்சு ஓட்டைக் கொத்த ஆரம்பித்துவிட்டது. கௌதாரிக் குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வந்து ஈரம் காய்ந்தால் போதும், ஓடிப் புதருக்குள் ஒளிந்துகொள்ளும். அதற்கு ஒரு பகல் வேண்டும். அந்த ஒரு பகல் மாசிலாமணி அந்தப் பக்கம் வராமல் இருக்க வேண்டும்.

மறுநாள் பௌர்ணமிச் சபை. நான்கு நாள் வரிசையில் நின்றவளுக்குச் சங்கத்தின் அறிவிப்புப் பலகை மனப்பாடமாகியிருந்தது. அதில் அடியில் ஒரு வரி: தன் குறையைத் தானே சொல்பவருக்கு முத்திரை தேவையில்லை, அவர் பேசி முடிக்கும்வரை சபையில் ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது.

விடிந்ததும் சித்தாயி முட்டையை வெயில் படும்படி உருட்டி வைத்துவிட்டுச் சபைக்குப் போனாள். மாசிலாமணி முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். குறை சொல்ல விரும்புபவர் யார் என்று செயலாளர் கேட்டதும் முதல் ஆளாக எழுந்தாள்.

"என் முதல் குறைங்கய்யா. மாசிலாமணி அண்ணன் என் முட்டைய நாலு நாளா ஒண்ணொண்ணா முழுங்கறதப் பாத்துட்டு, அவரு மேல எனக்குக் கோவம் வந்துருச்சு."

சபை உச்சுக் கொட்டியது. கோபம் எவ்வளவு கெட்டது என்று பின்வரிசையில் இரண்டு முயல்கள் பேசிக்கொண்டன. அம்பலவாணர் ஏட்டில் ‘கௌதாரி: கோபம்’ என்று எழுதிக்கொண்டார். முட்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்தக் காட்டில் உண்மையைச் சொல்வதால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. ஆகவே பேசிக்கொண்டே இருந்தாள்.

குஞ்சாக இருந்தபோது அக்காவின் புழுவைப் பிடுங்கித் தின்றதைச் சொன்னாள். மாமியார் கூப்பிட்டது காதில் விழாதது போல இருந்ததைச் சொன்னாள். வெயில் ஏற ஏற மாசிலாமணிக்குப் பசித்தது. அவர் மெதுவாக ஒரு காலை எடுத்து வைத்தார். முன்வரிசைக்காரர் எழுந்தால் நன்றாக இருக்காது என்று அம்பலவாணர் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

"தங்கச்சி மனசு விட்டுச் சொல்லிடுச்சு. மன்னிச்சு அனுப்பிடலாமே" என்றார் மாசிலாமணி.

"பெரிய மனசுண்ணே உங்களுக்கு. நான் இன்னும் போன வருஷத்துக்கே வரலையே" என்றாள் சித்தாயி.

உச்சிப்பொழுதில் அவளுடைய பாவம் தீர்ந்துவிட்டது. பாவம், நல்ல பெண். அரைநாளுக்குக் காணும்படிதான் தப்பு செய்திருந்தாள். தொண்டை வறண்டது. மாசிலாமணியின் கால் மறுபடி அசைந்தது.

"போன வருஷம் ஓடை வத்திப்போச்சே, அது நான் குடிச்சதுதான்" என்றாள்.

சபை அவளைப் பார்த்தது. அவள் ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள்.

"இப்பச் சொன்னது பொய்ங்கய்யா. பொய் சொன்னது என் அடுத்த குறை."

அம்பலவாணர் அதையும் எழுதிக்கொண்டார். அதன் பிறகு அவளுக்குப் பஞ்சமே இல்லை. சந்திர கிரகணம் தன்னால் வந்தது என்றாள். அது பொய் என்றாள். பொய் சொன்னதற்கு வருத்தப்படுவதாகச் சொன்னாள். உண்மையில் வருத்தப்படவில்லை, அதுவும் பொய் என்றாள். ஆமை தூங்கிவிட்டது. முயல்கள் அழுதன; பசியால்தான். மாசிலாமணிக்கு அன்று ஐந்தாவது முட்டை ஞாபகமாகவே இருந்தது, ஆனால் பட்டத்தை நினைத்துப் புன்னகையை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் காரைப் புதர்ப் பக்கத்திலிருந்து கீச் என்று ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் தள்ளி மறுபடி கேட்டது. அதற்கும் தள்ளி, முள் அடர்ந்த இடத்திலிருந்து மூன்றாவது முறை கேட்டது. குஞ்சு ஓட ஆரம்பித்துவிட்டது. சித்தாயி சொல்லிக்கொண்டிருந்த பொய்யை நடுவிலேயே நிறுத்தினாள்.

"அவ்வளவுதாங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் பறந்தாள். அவள் அழுதுகொண்டே பறந்தாள், சந்தோஷத்தில்.

காட்டிலேயே மிகப் பெரிய பாவி என்று அன்று சங்கம் அவளை ஒருமனதாகத் தீர்மானித்தது. மாசிலாமணிக்குப் பொறுமைக்காக இன்னொரு பட்டம் கிடைத்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு காரைப் புதருக்கு ஓடினார். உடைந்த ஓடுதான் இருந்தது.

நீதி: உண்மையைச் சொல்ல ஐந்து முத்திரை கேட்கும் ஊரில் குடியிருப்பவர்கள், இளமையிலேயே நிறையப் பாவம் செய்து சேர்த்து வைக்கவும். ஒருநாள் பகல் முழுக்கப் பேச வேண்டி வரும்.