மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சுவர்

காலை பத்து மணி ஏழு நிமிடம். மனிதகுலம் ஒரு சுவர் விரிசலை முதன்முதலாக முறைப்படி பார்த்தது அப்போதுதான். கட்டடப் பராமரிப்பு அலுவலகத்தில் அதற்கு முன்பும் விரிசல்கள் இருந்தன. ஆனால் அவற்றை வெறும் கண்ணால் பார்த்தார்கள். அது பார்வை ஆகாது.

பொறியாளர் தன் கைப்பேசியில் சட்டைப் பொத்தான் அளவு லென்ஸைக் கவ்வவைத்துக்கொண்டு தட்டச்சரின் நாற்காலி மேல் ஏறினார். தட்டச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். தன் தலைக்கு மேல் ஓடும் விரிசலைப் பற்றி அந்த அம்மாள் மூன்று மனு கொடுத்திருந்தார். மேசையை நகர்த்தவாவது அனுமதி கேட்டிருந்தார். படம் இல்லாத மனு கோப்பில் சேராது. ஆகவே, இது முழுக்க அவருடைய நன்மைக்காகத்தான்.

"மூச்சு விடாதீங்கம்மா. படம் ஆடுது."

"தலையில காரை கொட்டுது சார்."

"நல்லதும்மா. படத்துக்கு ஆழம் கிடைக்கும்."

கிடைத்தது. விரிசல் பள்ளத்தாக்காகியிருந்தது. அதன் விளிம்பில் ஒரு சிலந்திக் குஞ்சு எட்டுக் கண்ணாலும் அரசுச் சொத்தைக் கண்காணித்துக்கொண்டிருந்தது. தலைமை அலுவலகம் நெகிழ்ந்தது. சுற்றறிக்கை பிறந்தது: இனி எல்லாச் சேதங்களும் மூன்று சென்டிமீட்டர் தூரத்திலிருந்தே படமெடுக்கப்பட வேண்டும், முழுச் சுவரும் தெரியும் படங்கள் 'மேலோட்டமானவை' எனத் திருப்பி அனுப்பப்படும். அடியில் ஒரு சிறு வினா: இது எந்தச் சுவர்?

அதற்கு விடையளிக்கப் பொறியாளர் இன்னும் அருகே போனார்.

வாரம் ஒரு படம். பள்ளத்தாக்கு அகலமாகிக்கொண்டே வந்தது. லென்ஸ் கைக்குப் பழகிவிட்டது என்று அவர் பூரித்தார். ஏழாம் வாரம் சுவருக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது.

"அக்கா, ஸ்டேப்ளர் குடுங்க."

அடுத்த அறை எழுத்தர்தான். 'அறைகளுக்கிடையே பொருள் போக்குவரத்து விரைவடைந்துள்ளது' என்று மாத அறிக்கையில் பொறியாளர் குறித்தார்.

"சார், மேசையையாவது தள்ளிப் போட்டுக்கட்டுமா?" என்றார் தட்டச்சர்.

"வெளிச்சம் மாறிடும்மா. பழைய படத்தோட ஒப்பிட முடியாது."

"நான் மட்டும் தள்ளி உக்காந்துக்கறேன்."

"அளவு காட்ட ஒவ்வொரு படத்திலயும் உங்க தலைமுடி ஒண்ணு வைக்கிறோமே! இந்த ஆபீஸ்ல வேற யாருக்கு முடி இருக்கு?"

நியாயமான கேள்வி. மேலாளரும் தன் தலையைத் தடவிப் பார்த்து ஆமோதித்தார்.

எட்டாம் வாரம் பொறியாளர் கையை முழங்கை வரை விரிசலுக்குள் விட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு கரையான் இறகு. அதில் நரம்பு நரம்பாக ஒளி. இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் இவ்வளவு துல்லியமாக அவர் எதையும் பார்த்ததில்லை. கண் கலங்கியது. சுண்ணாம்புத் தூசியாகவும் இருக்கலாம்.

"அம்மா, ஒரு முடி!"

பதில் வாசலிலிருந்து வந்தது. தட்டச்சர் அங்கே தன் கைப்பேசியோடு நின்றிருந்தார்.

"நானும் ஒரு படம் எடுத்தேன் சார்."

"அவ்வளவு தூரத்திலேருந்தா? மேலோட்டமா இருக்குமே."

"ஆமா சார். முழுச் சுவரும் தெரியுது, படத்துல. உங்க பக்கம் சாஞ்சு நிக்குது. அடியில நீங்க இருக்கீங்க. இதை தலைமை ஆபீசுக்கு அனுப்பவா, உங்க வீட்டுக்கு அனுப்பவா?"