பர்னர் பாயும் பச்சைப் பூசணிக்காயும்

ஒரு மனிதனுக்குச் செய்யக்கூடாத கொடுமையை எல்லாம் செய்துவிட்டு, மறுநாள் காலையில் அதே மனிதனைப் பார்த்து "சாப்டீங்களா சார்?" என்று முகம் மலரக் கேட்கக்கூடிய ஆள் பெரம்பலூர் மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் பர்னர் பாய்.

உண்மையான பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் பெரிய பெரிய ஓட்டல்களில் அடுப்பு பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பி, பெரம்பலூரில் எங்கள் தெருக்கோடியில் குடியேறியவர். மொபெட்டில் ஒரு ரெக்சின் பை தொங்கும். எந்த வீட்டில் கேஸ் அடுப்பு மக்கர் செய்தாலும் பாய் வருவார். பர்னரைக் கழற்றி, குழந்தையின் காதில் ஊதுவது போல ஒவ்வொரு ஓட்டையிலும் ஊதுவார். கால் மணி நேரத்தில் அடுப்பு நீலமாக எரியும்.

இப்படி அடுப்பை நம்பியே பிழைக்கிற மனிதர், ஒருநாள் திடீரென்று சமையலுக்கு எதிராகக் கிளம்பினார் என்றால் அதை என்னவென்று சொல்வது? செருப்புக் கடைக்காரர் ஊரையே வெறுங்காலோடு நடக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

அவருடைய மனைவியைத் தெருவில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நோன்பு மாதம் வந்துவிட்டால் அக்கா வைக்கிற கஞ்சி எங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு வரும். போன வருடம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு திருச்சியில் மகள் வீட்டில் இருந்தார். கட்டுப் பிரித்து அவர் திரும்பியதும் நோன்பு வந்தது. நாங்கள் தூக்குவாளியோடு காத்திருந்தோம். கஞ்சி வரவில்லை. பாயைக் கேட்டேன்.

"வேக வெச்சதெல்லாம் வெசம் சார். எங்க வூட்ல நிறுத்தியாச்சு. இனிமே பச்சையாத்தான்" என்றார்.

என் கோபம் அன்றைக்கு ஆரம்பித்தது. இவர் கிறுக்குப் பிடித்து முருங்கைக்கீரையைப் பச்சையாக மேய்ந்தால் மேய்ந்துவிட்டுப் போகட்டும். தெருவின் கஞ்சியில் கைவைக்க இவர் யார்?

நாலு மாதம் கழித்து எங்கள் அடுப்பு மஞ்சளாக எரிய ஆரம்பித்தது. பாத்திரமெல்லாம் கரி. வேறு வழியில்லாமல் பாயைக் கூப்பிட்டேன். வந்தவர் இரண்டு பர்னரையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி தமிழரசியிடம் பேச ஆரம்பித்தார்.

"ஏன் தங்கச்சி, ஒரு கேரட்டு இருக்கு. உசிரோட இருக்கு. அதைக் கொண்டாந்து கொதிக்கிற தண்ணியில போடுறீங்களே, அது என்னா பாவம் பண்ணுச்சு?"

நான் சிரித்தேன். தமிழரசி சிரிக்கவில்லை.

"ஒரு மண்டலம் இருந்து பாருங்க. நாப்பத்தெட்டு நாளு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து இருக்கணும். ஒருத்தர் மட்டும் இருந்தா வேலைக்காவாது. அடுப்பே பத்த வெக்க வேணாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் தோற்றேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடங்களாக அந்த அடுப்பின் முன்னால் நின்றவள் தமிழரசி. "அடுப்பே பத்த வெக்க வேணாமாண்ணே?" என்று இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நாளையிலேருந்து ஆரம்பிச்சுருவோங்க."

"எனக்குச் சம்மதமான்னு யாரும் கேக்கலியே?"

"உங்கள ஏன் கேக்கணும்? சமைக்கிறது நானு."

பாய் அதோடு விட்டாரா? இரண்டு பர்னரையும் செய்தித்தாளில் சுற்றி ரெக்சின் பைக்குள் போட்டுக்கொண்டார். "சபலம் வரும் சார். இது என்கிட்டயே இருக்கட்டும். நாப்பத்தெட்டாம் நாள் நானே வந்து மாட்டித் தரேன்." என் வீட்டு அடுப்பின் உயிரை என் கண் எதிரிலேயே எடுத்துக்கொண்டு போனார். கடையில் புதுசு வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும், "பாய் வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு சார், உங்களுக்குத் தர வேணாம்னு" என்றார். சொந்த ஊரில் ஒரு மனிதன் இதற்கு மேல் என்ன அவமானப்பட வேண்டும்?

முதல் நாள் காலை காபிக்குப் பதிலாக ஒரு டம்ளர் வெண்பூசணிச் சாறு வந்தது. காபி கேட்டேன்.

"காப்பிக்கொட்டைய வேணா ஊற வெச்சுத் தரேன், மென்னுக்கிறீங்களா?" என்றாள் தமிழரசி.

காலையில் ஊறவைத்த வேர்க்கடலை, மதியம் முளைகட்டிய பயறு, மாலையில் தேங்காயும் பச்சைச் சோளமும். இந்த ஊரில் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் எல்லாவற்றின் மேலும் பச்சை வெங்காயம். அவல் சாப்பிடலாமா என்று பாயிடம் கெஞ்சிக் கேட்டேன். "நெல்ல வறுத்துத்தான் சார் இடிக்கிறாங்க. செல்லாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

எனக்கு வேலை அரியலூரில், ஓர் அரசு அலுவலகத்தில். தினமும் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் போய் வருகிறவன். வழக்கமாக என் பக்கத்தில் உட்கார இடம் இருக்காது. மூன்றாம் நாளிலிருந்து, அந்த வெங்காய வாசனையில், மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான் ஒருவனாகப் பயணம் செய்தேன். அலுவலகத்தில் நான் டிபன்பாக்ஸைத் திறந்ததும் சூப்பிரண்டு எட்டிப் பார்த்தார். "என்னா சார், வீட்ல ஆடு எதும் வளக்குறீங்களா?" என்று கேட்டார். என் வாய் நிறைய முள்ளங்கி இருந்தது. முள்ளங்கியை மெல்கிறபோது கோபமாகப் பேசவும் முடியாது.

இதற்கிடையில் தமிழரசிக்கு இந்த வாழ்க்கை பிடித்துப் போய்விட்டது. காலையில் நடக்கப் போனாள். மத்தியானம் புத்தகம் படித்தாள். "எவ்ளோ நேரம் மிச்சமாவுது தெரியுமா!" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியை எனக்கு வரவழைத்ததற்காகவும் பாய் மேல் கோபம் வந்தது.

ஒன்பதாம் நாள் தாங்கவில்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மெஸ்ஸுக்குள் நுழைந்து, யாரும் பார்க்காத மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பரோட்டா சொன்னேன். முதல் பரோட்டா எப்படி உள்ளே போனதென்று எனக்கே தெரியாது. இரண்டாவதின் மேல் சால்னாவை ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவதைப் பிய்க்கும்போது, பரோட்டாக் கல்லுக்குப் பின்னாலிருந்து, தரையிலிருந்து முளைப்பது போல, கையில் ஸ்பேனரோடு ஒரு உருவம் எழுந்து நின்றது.

பர்னர் பாய். மெஸ்ஸின் அடுப்பைப் பழுது பார்க்க வந்திருக்கிறார்!

என் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எத்தனாவது சார்?"

"மூணாவது."

"நான் நாளக் கேட்டேன்."

"ஒம்போதாவது."

எனக்கு அதுவரை இருந்த வெட்கமெல்லாம் அந்த நொடியில் கோபமாக மாறியது. "யோவ் பாய்! ஊரெல்லாம் நீயே அடுப்பப் பத்தவெச்சுக் குடுப்ப, நான் மட்டும் முள்ளங்கிய மெல்லணுமா? என் பர்னரக் குடுய்யா!" என்று கத்தினேன். மெஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சப்ளையர் குருமா வாளியோடு அப்படியே நின்றார்.

பாய் கோபப்படவில்லை. என் எதிரில் உட்கார்ந்து மெல்லப் பேசினார். "வூட்டுக்கு வந்து வாங்கிக்குங்க சார். இன்னும் நாலு பரோட்டாகூட சாப்புடுங்க. தங்கச்சிகிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. நீங்க விட்டுட்டீங்கன்னு எங்க வூட்டுக்காரிக்கு மட்டும் தெரியக் கூடாது. உங்க கால்ல வேணா விழுறேன்."

இதென்ன புது வித்தை என்று இன்னும் எரிச்சலாக வந்தது. சாயங்காலம் பெரம்பலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். பாய் இன்னும் வந்து சேரவில்லை. அக்கா கதவைத் திறந்தார்.

"பர்னர் வேணும்கா" என்றேன், விறைப்பாக.

அக்கா உள்ளே போய் ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார். இடது கையில். பிரித்துக் காட்ட முயன்றபோது ஒரு பர்னர் நழுவி விழுந்து உருண்டது. வலது கையை நீட்டினார். விரல்கள் மடங்கவில்லை. நான்தான் குனிந்து எடுத்தேன்.

"கட்டுப் பிரிச்சாச்சு, சரியாப் போச்சுன்னு எல்லார்ட்டயும் சொல்லியிருக்கோம் சார்" என்றார் அக்கா. "சரியாவல. கரண்டியப் புடிக்க முடியல. அவரு அடுப்பப் பத்தவெச்சுச் சமைக்கப் போனாரு. எனக்கு அழுகை வந்துருச்சு. முப்பது வருசமா நான் நின்ன எடம் சார் அது. கடையில வாங்கியாந்தாரு. அதைப் பாத்தும் அழுதேன். ஒரு வாரம் ரெண்டு பேரும் சரியாவே சாப்புடல. ஒருநாள் எங்கேயோ போயிட்டு வந்து, 'ஏய், வேக வெச்சது வெசமாம்டி, இனிமே நம்ம வூட்ல யாருமே சமைக்கக் கூடாது'ன்னு கண்டிசனாச் சொல்லிட்டாரு."

அக்கா கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி, விழுந்த பர்னரையும் சேர்த்துச் சுற்றினேன்.

"மறுநாளே எனக்குப் புரிஞ்சுபோச்சு சார். வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு இல்லாட்டி ஊரைக் கூட்டுற மனுசன் பீர்க்கங்காயைக் கடிச்சுக்கிட்டு 'ஆகா'ங்கறாரு. யா அல்லா, அந்த மொகத்தப் பாக்கணுமே நீங்க! நம்புன மாதிரியே இருக்கேன். நான் மட்டும் சமைக்காம இல்ல, தெருவே சமைக்கலன்னு எனக்குக் காட்டணுமாம். அதுக்குத்தான் வூடு வூடாப் போயி சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. யாரும் கேக்கல. நீங்க ரெண்டு பேருதான் கேட்டீங்க. அன்னிக்கு வந்து 'பாத்தியா, சார் வூட்லயே நிறுத்திட்டாங்க'ன்னு சொல்லும்போது அவ்ளோ சந்தோசம். எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க சார்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது? புருஷன் மெஸ்ஸில் வைத்து மனைவிக்குச் சொல்லாதே என்கிறார். மனைவி வீட்டில் வைத்துப் புருஷனுக்குச் சொல்லாதே என்கிறார். இவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பிரியமாக இருப்பதற்கு, சம்பந்தமே இல்லாத நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? என்ன நியாயம் இது?

பர்னர் பொட்டலத்தை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் தமிழரசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "மொதல்ல அந்த மூணு பரோட்டாவைப் பத்திப் பேசுவோம்" என்றாள். அதைப் பற்றி வெகுநேரம் பேசினோம். பேசி முடித்ததும், "இன்னும் முப்பத்தொம்போது நாளுதானே" என்று வெள்ளரிக்காயை நறுக்கி என் முன்னால் வைத்தாள். சாப்பிட்டேன்.

நாற்பத்தெட்டாம் நாள் பாய் பர்னர்களைப் புளி போட்டுத் தேய்த்து, தங்கம் மாதிரி மின்னக் கொண்டுவந்து மாட்டினார். தமிழரசி அக்காவையும் வரச்சொல்லியிருந்தாள். சமையற்கட்டில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தாள்.

"எனக்கு நெய்ச்சோறும் தால்ச்சாவும் உங்க பக்குவத்துல வரவே மாட்டேங்குதுக்கா. நீங்க சொல்லுங்க, நான் செய்யிறேன்."

அடுத்த ஒரு மணி நேரம் அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து என் மனைவியைத் திட்டிய திட்டு இருக்கிறதே! "தீயைக் கொறைம்மா! பட்டைய இப்பவா போடுவாங்க? கிண்டாத, கிண்டாத, அரிசி ஒடஞ்சுரும்!" என் வீட்டுச் சமையற்கட்டில் என் மனைவியை யாரும் இவ்வளவு அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை. பாய் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எந்தப் பக்கமும் திரும்பாமல் மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு தட்டுச் சாப்பிட்டார். "தங்கச்சி மனசு நோவக் கூடாதேன்னுதான்" என்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு காரணம் சொன்னார். மறுநாள் தெருவில் வேறொருவரை நிறுத்தி, கேரட்டின் உயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெட்கம் என்பதே கிடையாது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அக்கா எங்கள் வீட்டு நாற்காலிக்கு வந்துவிடுகிறார். மற்ற நாட்களில் அவர்கள் வீட்டில் இன்னமும் பச்சைதான். இதையெல்லாம் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுதுங்க சார். பேரு மட்டும் போடாதீங்க. அவரு பத்திரிகையெல்லாம் எங்க படிக்கிறாரு" என்றார்.

போன மாதம் இருவரும் மகள் வீட்டுக்குத் திருச்சிக்குப் போனார்கள். ஐந்து நாள் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பத்து நாளாகியும் திரும்பவில்லை. பொறுப்பில்லாத மனிதர். பதினோராம் நாள் காலையில் நானே போன் போட்டுச் சத்தம் போட்டேன்.

"என்னா பாய் நீங்க? இங்க அடுப்பு சுத்தமா எரியல. இன்னிக்கே கெளம்பி வாங்க."

எனக்குப் பின்னால் தமிழரசி அடுப்பிலிருந்து பாலை இறக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.