கரமனையிலிருந்து போய் நான் கட்டிய அயர்லாந்துக் கோட்டை

பயந்த சுபாவக்காரர்களிடம் கோட்டை கட்டும் வேலையைக் கொடுக்கவே கூடாது. நிஜமாகவே கட்டிவிடுவார்கள். நான் கட்டினேன்.

எழுபதுகளில் மலையாள நாட்டில், கரமனையில் குடியிருந்தோம். மூத்தவள் மீனா கான்வென்டில் நாலாம் வகுப்பு. இளையவள் உமாவை அதே பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் கொடுத்திருந்தேன். அயர்லாந்துக்காரரான தலைமை மதர், "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடியே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான், பள்ளிக் கண்காட்சிக்கு மதரின் ஊரில் உள்ள பழைய கோபுர வீட்டைப் போல நுழைவாயில் அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. (வந்ததாவது! நானே கையைத் தூக்கினேன்.) இடிந்து கிடந்த வீட்டைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்களாம். மதர் அதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் கொடுத்தார். வேறு யாராக இருந்தாலும் படத்தைப் பார்த்து வரைந்திருப்பார்கள். நான் தப்பு வந்துவிடுமோ என்று நாலு தடவை படித்தேன்.

அந்த வீட்டை யாரோ ஒரு பிரபு முழுக்க முழுக்கப் பயத்திலேயே கட்டியிருந்தான். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. ஆளுயரக் கனத்தில் சுவர். அம்பு மட்டும் போகிற கீற்று ஜன்னல். ஒருவர் மட்டும் நுழையக்கூடிய வாசல். எதிரி தடுக்கி விழட்டும் என்றே உயர்த்தி வைத்த ஒரு படி. அதற்கு நேர் மேலே, கூரையில் ஒரு துவாரம். அது வழியாகக் கல்லும் கொதிநீரும் கொட்டுவார்களாம்.

எல்லாவற்றையும் மூங்கிலிலும் பலகையிலும் செய்யச் சொன்னேன். வாசல் அளவைக் கேட்டு ஆசாரி தலையைச் சொறிந்தார்.

"அம்மா, இந்த வாதில்ல ஆளு கேறுமோ? கோழி கேறும்."

"புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"படி ஒண்ணு பொங்கி நிக்குதே?"

"அதுவும் புஸ்தகத்துல இருக்கு."

துவாரம்தான் உறுத்தியது. விருந்தாளி தலைக்கு மேல் வெறும் ஓட்டையா? கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்போமே, அதைச் செய்தால் என்ன? வரவேற்புப் பாட்டு தொடங்கியதும், மேலே பரணில் இருந்து நான் சந்தனம் கரைத்த பன்னீரைத் தெளிப்பதாக ஏற்பாடு.

"பன்னீர்ச் சொம்பு போறுமே," என்றார் என் கணவர்.

"எட்டலேன்னா?"

"கீழதானேடி விழும்? வேற எங்க போகும்?"

இருந்தாலும் இரண்டு கூஜா எடுத்துப்போனேன்.

விழா அன்று மதர் முதலில் நுழைந்தார். ஒல்லி உடம்பு. பின்னால் வந்த கல்வி அதிகாரி நல்ல ஆகிருதி. பக்கவாட்டில் திரும்பிப் பாதி வழியில் சிக்கிக்கொண்டார். அவருக்குக் கை கொடுக்கத் திரும்பிய மதர், உயர்ந்த படி தடுக்கி, துவாரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துவிட்டார். இதெல்லாம் பிறகு சொல்லித் தெரிந்தது. துவாரத்தில் கையை விட்டால் கண்ணுக்கு இடமில்லை. எனக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டது.

அவசரத்தில் தெளிப்பதாவது! முதல் கூஜா முழுவதும் கவிழ்ந்தது. கீழே சத்தமே இல்லை. பாட்டும் நின்றுவிட்டது. விழுந்ததா, விழவில்லையா? வரவேற்பே இல்லை என்று மதர் நினைத்துவிட்டால் உமாவின் கதி?

இரண்டாவது கூஜாவையும் கவிழ்த்தேன்.

"அம்மா! போறும்! நிறுத்தும்மா!" என்று அலறினாள் மீனா.

எட்டிப் பார்த்தேன். மதரின் வெள்ளை அங்கி மஞ்சளாகியிருந்தது. அதிகாரியை விடுவிக்க ஆசாரி வாசலையே அறுத்துக்கொண்டிருந்தார். "வாதிலு நல்ல உறப்பாக்கும்," என்று வாசலின் பலத்தில் அவருக்குப் பெருமை வேறு. நான் பரணிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்க ஒரே ஏணி. அது மதரிடம் போய் முடிந்தது.

திங்கட்கிழமை உமாவுடன் வரச் சொல்லி ஆள் வந்தது. விண்ணப்பத்தைத் திருப்பித் தரத்தான் என்று நினைத்தேன்.

"எங்கள் ஊரில் அந்தத் துவாரத்தை யாரும் உபயோகித்ததாகத் தெரியவில்லை," என்றார் மதர் ஆங்கிலத்தில். "நீங்கள்தான் முதல் ஆள்."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் உமாவின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

"உங்களை வெளியே நிறுத்துவது பள்ளிக்கு ஆபத்து. உள்ளேயே இருங்கள்."

அதன்பிறகு எந்த விழாவிலும் எனக்குத் தரைமட்ட வேலைகள்தான். இன்றைக்கும் நான் மொட்டை மாடிக்கு வடாம் காயப்போடப் போனால், உமாவின் கணவர் முற்றத்தில் குடையை விரிக்கிறார்.

"மழையே இல்லையே, மாப்பிள்ளை?"

"நீங்க மேல இருக்கேளே, அம்மா."