பதினொரு ஜப்பான் குருவிகள்

குருவி மூன்றாவது முறையாகக் கத்தியது. ஈப்போவிலிருந்து வந்திருந்த பல்மருத்துவரின் மனைவி தலைக்கு மேலே கையைக் காட்டி வழிகாட்டியிடம் கேட்டார்.

"அபாங் செமான், அது என்ன குருவி?"

"எது?"

"இப்பக் கத்திச்சே, அது."

மலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் 'அபாங்', அதாவது அண்ணன், ஆகிவிட்ட செமான் அண்ணாந்து பார்த்தார். மரத்தில் இலை இருந்தது, பனி இருந்தது. இலைகளுக்கு நடுவே கட்டைவிரல் அளவில் பச்சையாக ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டும் இருந்தது. சத்தத்தை மட்டும் யாரோ அணைத்துவிட்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவை கத்தட்டும்," என்றார் கம்பீரமாக. "அவசரப்பட்டுப் பேர் சொல்றது நம்ம வழக்கமில்ல."

நான்காவது முறையும் கத்தியது. ஐந்தாவது முறையும் கத்தியது. கணவனும் மனைவியும் குருவியை விட்டுவிட்டு செமானின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"ஆர்க்டிக்," என்றார் செமான், கண்ணை மூடிக்கொண்டு.

மழைக்காலத்தை ஒட்டி வடக்கிலிருந்து புக்கிட் எம்புன் மலைக்கு வந்து இறங்கும் பச்சைக் குருவிகளில் மூன்று சாதி உண்டு. ஆர்க்டிக், கம்சட்கா, ஜப்பான். மூன்றுக்கும் பச்சை முதுகு, வெளுத்த வயிறு, புருவத்தில் மங்கலாக ஒரு கோடு. பெற்ற தாயே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் சந்தேகம் தீராது. வாயைத் திறந்தால்தான் இன்னது என்று தெரியும். அப்படித் தெரிந்துகொள்கிற காது வைத்திருந்ததற்காகத்தான் வன இலாகா செமானுக்கு இருபத்தாறு வருஷமாக வழிகாட்டி உரிமம் கொடுத்து, சட்டையில் ஒரு பித்தளைக் குருவியையும் குத்திவிட்டிருந்தது.

அன்று மாலை மனைவி ரொக்கியாவிடம் சொன்னார்.

"இந்த வருஷம் குருவியெல்லாம் கத்த மாட்டேங்குது."

"சிள்வண்டும் கத்தலைன்னு சொன்னீங்க."

"ஆமா. தோட்டக்காரங்க அடிக்கிற மருந்துதான் காரணம். இலாகாவுக்கு எழுதியே கொடுத்திருக்கேன்."

ரொக்கியா ஜன்னலைத் திறந்துவிட்டாள். சற்று நேரம் அங்கேயே நின்றாள். "இப்ப ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலை. அதைத்தானே சொல்றேன்."

"காதை அடைக்குது, அப்படிக் கத்துது," என்றாள் ரொக்கியா. "சிள்வண்டு குறையலைங்க."

மூன்று வருஷத்துக்கு முன் இலாகாவுக்குப் போன அந்தக் கடிதத்தில் 'பேரழிவு' என்ற சொல்லை இரண்டு இடத்தில் போட்டிருந்தார்.

"சொல்லிடுங்க," என்றாள் ரொக்கியா. "காது போனா என்ன, கண்ணு இருக்கே."

"கண்ணால இதுங்களைப் பிரிக்க முடியாது, ரொக்கியா. கடவுளே அதுக்குத்தான் காதை வச்சிருக்கார்."

மறுவாரம் கைப்பேசியில் பார்த்து ஒரு காது மிஷின் வரவழைத்தார். முந்திரிப்பருப்பு அளவுதான் இருந்தது. காதுக்குள் வைத்துக்கொண்டு தொப்பியை இழுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அதை வைத்ததும் ரொக்கியா பாத்திரம் கழுவுவது மசூதிவரை கேட்டது. பச்சைக் குருவி மட்டும் கேட்கவில்லை.

அந்த மிஷினுக்கு ஒரு குணம் இருந்தது. தொப்பி உரசினால் மெல்லிசாக, கூராக, விட்டுவிட்டு விசில் அடிக்கும். அந்த விசிலும் செமானுக்குக் கேட்காத உயரத்தில் இருந்தது.

பல்மருத்துவர் தம்பதி அடுத்த ஞாயிறு ஆறு நண்பர்களோடு வந்தார்கள். அரை மணி நேரத்தில் எட்டுப் பேரும் பரபரப்பானார்கள்.

"அபாங், ஏதோ ஒரு குருவி நம்ம கூடவே வருது!"

"எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம்தான். நீங்க நின்னா அதுவும் நிக்குது. குனிஞ்சா ரெண்டு தடவை கத்துது!"

செமான் சுற்றும் முற்றும் பார்த்தார். பார்க்கப் பார்க்கத் தொப்பி உரசியது. குருவி உற்சாகமாகக் கத்தியது. பல்மருத்துவர் அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து, 'வழிகாட்டியைப் பின்தொடரும் அடையாளம் தெரியாத பறவை' என்று மலையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். குழுவில் நூற்று நாற்பது பேர். வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றும்போது ரொக்கியாதான் சொன்னாள்: "உங்க காதுக்குள்ள என்னங்க கீச்சுக்கீச்சுங்குது?" மிஷின் அன்றே அரிசி டின்னுக்குள் போனது.

ஆனால் பதிவு இலாகாவுக்குப் போய்விட்டது. பத்தே நாளில் கடிதம் வந்தது. புதிய பறவையை ஆராய டாக்டர் லியாவ் நேரில் வருகிறார். வந்த கையோடு, ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய வழிகாட்டிகளின் கேட்கும் திறனையும் மூன்று நாள் காட்டில் வைத்துச் சோதிப்பார். தேறாதவர்கள் வாகன நிறுத்துமிடப் பணிக்கு மாற்றப்படுவர்; ஆரஞ்சு நிறச் சட்டை தரப்படும்.

புக்கிட் எம்புன்னில் மொத்தம் நான்கு வழிகாட்டிகள். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர் ஒருவர்தான்.

டாக்டர் லியாவ் என்றால் சாதாரணமில்லை. நாட்டில் எந்தக் குருவியின் குரல் வேண்டுமானாலும் அவர் பதிவுசெய்த ஒலிநாடாவைத்தான் போட்டுக் கேட்பார்கள். ஒவ்வொரு குரலுக்கும் முன்னால் அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு பெயர், தேதி, வானிலை சொல்வார். அந்தச் செருமலைக் கேட்டாலே செமான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

டாக்டர் வியாழக்கிழமை காலையே ஓய்வு விடுதிக்கு வந்துவிட்டார். மத்தியானம் செமான் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தார். சமையல்காரி லீமா நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள்.

"மேல தூங்குறாரா?" என்று கிசுகிசுத்தார்.

"தூங்குறார். நீங்க சத்தமாவே பேசுங்க அபாங், பரவாயில்ல."

செமான் சுற்றிவளைத்து வயது, குளிர், காற்று என்று ஆரம்பித்து, கடைசியில் காதுக்கு வந்து சேர்ந்தார். லீமா கரண்டியைக்கூட நிறுத்தவில்லை.

"குருவி கத்தினா நான் சைகை காட்டணும். அவ்வளவுதானே?"

"உனக்கு மூணையும் பிரிக்கத் தெரியணுமே. ஒலிநாடா கொண்டு வந்திருக்கேன்."

ஒரே ஒரு முறைதான் போட்டுக் காட்டினார். லீமா பிடித்துக்கொண்டாள். "முதல்ல வர்றது, காயுற எண்ணெயில ஒரு சொட்டுத் தண்ணி. ரெண்டாவது, ஈர நெத்திலி. மூணாவது, அடுப்பை அணைச்சப்புறம் சட்டி தானா முனகுமே, அது."

செமான் அசந்துபோனார். இதைப் பிரித்தறிய அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

"சைகையையும் நானே சொல்லிடறேன்," என்றாள். "முக்காட்டைச் சரிசெஞ்சா ஆர்க்டிக். பிளாஸ்க்கைத் தட்டினா கம்சட்கா. இருமினா ஜப்பான்."

"ஜப்பான் வராது. இந்த மலைக்கு ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கு."

"அதனாலதான் இருமலை வச்சேன். சும்மா இரும மாட்டேனே."

"சரி, நீ எப்படிக் கூட வருவே?"

"அது தானா நடக்கும்," என்றாள் லீமா. "பதிலுக்கு இந்தக் கூரை ஒழுகுது, அதை அடைச்சுக் கொடுத்துடுங்க."

அது தானாகத்தான் நடந்தது. மறுநாள் காலை டாக்டர் லியாவ் படியிறங்கி வந்தார். ஒல்லியான மனிதர், கம்பளிக் குல்லாயைக் காதுக்குக் கீழே வரை இழுத்துவிட்டிருந்தார். "எனக்கு அடிக்கடி வெந்நீர் வேணும், செமான். லீமா அக்கா பிளாஸ்க்கோட கூட வரட்டும். கொஞ்சம் முன்னாடியே நடக்கட்டும், கண்ணுல படற மாதிரி."

செமான் இறைவனுக்கு நன்றி சொன்னார்.

முதல் நாள் கல்யாண வீடு மாதிரி நடந்தது. லீமாவின் கை முக்காட்டுக்குப் போகும். "ஆர்க்டிக்," என்பார் செமான். டாக்டர் கண்ணை மூடி, ஒரு கணம் பொறுத்து, "நானும் கேட்டேன்," என்று நோட்டில் எழுதுவார். சில சமயம் அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். என்ன வேகம், என்ன காது என்று செமானுக்கு உடம்பு சிலிர்க்கும்.

மாலையில் டாக்டர் அந்த மர்மக் குருவியின் பதிவைப் போடச் சொன்னார். இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தார்கள். தேநீர் கொண்டு வந்த லீமா காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள்.

"பதிவு முடிஞ்சிடுச்சா?" என்றார் டாக்டர்.

"முடிஞ்ச மாதிரிதான் தெரியுது."

"இதை எனக்குத் தெரியும்," என்றார் டாக்டர் ஆழ்ந்த குரலில். "எங்க வீட்டுலயும் இருக்கு. என் மனைவி தினமும் சொல்லுவா. மனுஷங்களை அண்டி வாழற இனம். வயசானவங்க பக்கத்துல அதிகம். பயப்பட ஒண்ணுமில்ல."

இரண்டாம் நாள் லீமாவின் முக்காட்டுக்குள் கட்டெறும்பு புகுந்தது.

"ஆர்க்டிக்," என்றார் செமான். "ஆர்க்டிக். இன்னொரு ஆர்க்டிக். கூட்டமா இறங்குது, டாக்டர்!" லீமா முக்காட்டை உதறி, எறும்பைத் தேடி பிளாஸ்க் மேல் ஓங்கி அடித்தாள். "நடுவுல ஒரு கம்சட்கா!"

டாக்டரின் பென்சில் ஓடிக்கொண்டேயிருந்தது. ஏழு கோடுகள். காட்டில் ஒரு குருவிகூடக் கண்ணில் படவில்லை. இவர் எழுதுவது குருவிக் கணக்கா, என் பொய்க் கணக்கா என்று செமான் நோட்டை எட்டிப் பார்த்தார். அன்று திரும்பும் வழியில் கொட்டிய மழையில் மூவரும் தொப்பலாக நனைந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு லீமா இருமினாள்.

இரண்டு ஆண்களும் சிலையானார்கள். டாக்டர்தான் முதலில் பேசினார்.

"ஜப்பான்."

"ஜப்பான்தான்," என்றார் செமான்.

"நான் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை கேட்டிருக்கேன், செமான். முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு." டாக்டரின் கண் கலங்கியிருந்தது. செமானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதி மரியாதைக்கு, பாதி பயத்துக்கு.

லீமா மறுபடி இருமினாள். கொஞ்சம் சளியோடு.

"இன்னொண்ணு," என்றார் செமான், ஈனமாக.

"ஆமா. இன்னொண்ணு."

ஐந்தாவது இருமலில் டாக்டரின் முகம் வெளுத்தது. எட்டாவதில் பென்சில் முனை ஒடிந்தது. லீமா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் நீர் வர ஜப்பானின் குருவி இனம் முழுவதையும் இருமித் தீர்த்தாள். செமான் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் செமானைப் பார்த்தார். இருவர் வாயும் திறந்து மூடியது, அன்று மரத்திலிருந்த அந்தக் குருவியைப் போல.

"பதினொண்ணு," என்றார் செமான். "போதும் டாக்டர். பசியாறப் போகலாம்."

"போகலாம், போகலாம்," என்று டாக்டர் நோட்டை மூடிய வேகத்தில் ஒரு பக்கம் கிழிந்தது.

விடுதி வாசலில் செமான் நின்றுவிட்டார். வாகன நிறுத்துமிடம் அங்கிருந்தே தெரிந்தது. தகரக் கூண்டு, ஒரு நாற்காலி, ஆணியில் தொங்கும் ஆரஞ்சுச் சட்டை. இருபத்தாறு வருஷத்தில் இந்த மலையில் அவர் எவ்வளவோ தப்பாகச் சொல்லியிருக்கலாம். தெரிந்தே சொன்னதில்லை. சட்டையிலிருந்த பித்தளைக் குருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"டாக்டர், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்."

"வேணாம்," என்றார் டாக்டர் அவசரமாக. "நீங்க ஆரம்பிச்சா நானும் ஏதாவது சொல்ல வேண்டி வரும். வேணாம், செமான்." செமான் கையிலிருந்த குருவியை வாங்கி, மறுபடி அவர் சட்டையில் குத்திவிட்டார். பிறகு படிவத்தை நீட்டினார். கேட்கும் திறன்: மிகச் சிறப்பு. உரிமம் ஐந்து வருஷத்துக்கு.

"ஜப்பான் குருவி?" என்றார் செமான்.

"அதை நான் எங்கேயும் எழுதப்போறதில்ல. எழுதினா கூட்டம் வரும். குருவிங்க நிம்மதியா இருக்கட்டும்."

எப்பேர்ப்பட்ட மனிதர் என்று செமான், டாக்டரின் வண்டி வளைவில் மறையும்வரை கையைக் கூப்பியபடி நின்றார். நிற்க நிற்க ஒரு சந்தேகம் வந்தது. அவ்வளவு பெரிய காது பொய் சொல்லுமா? ஒருவேளை நிஜமாகவே பதினொன்று வந்திருக்குமோ?

மறுநாள் வாக்குப்படி ஏணி போட்டுச் சமையலறைக் கூரைமேல் ஏறினார். ஓட்டை வழியாகக் கீழே பார்த்தால், லீமா வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"லீமா, நேத்து நீ இருமினது?"

"சளி, அபாங். ரெண்டாம் நாள் மழையில பிடிச்சது."

"பதினொண்ணுமா?"

"பதினொண்ணும்."

"அப்ப டாக்டருக்கு எப்படிக் கேட்டுச்சு?"

லீமா அடுப்பைத் துடைத்தாள். அப்போதுதான் செமான் அதைக் கவனித்தார். பளபளவென்று, இரண்டு பர்னர் அடுப்பு. ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதம்கூட இன்னும் உரிக்கப்படவில்லை.

"அடுப்பு புதுசா?"

"டாக்டர் வாங்கிக் கொடுத்தது."

"எதுக்கு?"

லீமா ஓட்டை வழியாக அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்க எதுக்காக என் கூரைமேல ஏறியிருக்கீங்களோ அதுக்குத்தான், அபாங். அவர் உங்களுக்கு அரை நாள் முன்னாடியே வந்து கேட்டுட்டார், சைகைகூட அவர் சொல்லிக்கொடுத்ததுதான். 'செமானுக்கு மட்டும் தெரியவேணாம், பாவம், என் காதை அவ்வளவு நம்புற மனுஷன்'னு சொன்னார்."